இந்த 3,800 ரூபா துண்டு என்ன சொல்ல வருதுன்னு யாராவது தமிழ்ல சொல்லுங்களேன்

ஈரோட்டுக்காரி

மொதல்லயே சொல்லிடறேன், இது அவ்ளோ சீரியஸான கேள்வி இல்ல, ஆனா ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. எங்க நங்கையா (வீட்டுக்காரரோட அக்கா) எங்க கல்யாண நாளுக்கு இன்ஸ்டால பாத்து ஒரு 'ஸ்டோல்' ஆர்டர் பண்ணி அனுப்பியிருந்தாங்க. பெரிய அட்டைப்பெட்டி, அதுக்குள்ள டிஷ்யூ பேப்பர், அதுக்குள்ள காஞ்ச ரோஜா இதழ் நாலு, அதுக்குள்ள சணல் கயிறு கட்டி ஒரு துணி. பிரிச்சுப் பாத்தா ஈரிழைத் துண்டு. சத்தியமாங்க. எங்கூர்ல குளிச்சிட்டு தலை துவட்டற அதே ஈரிழைத் துண்டு, மெரூன் கலரு, கரையில ஒரு மஞ்சக் கோடு, ரெண்டு பக்கமும் நூல் தொங்குது. சென்னிமலைப் பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருப்பாங்க, ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்கு போனா மூட்டையாவே தூக்கிட்டு வரலாம். பில்லை எடுக்க மறந்துட்டாங்க போல, பெட்டிக்குள்ளயே இருந்துச்சு. 3,800.

சரி காசு அவங்க காசு, அன்பா அனுப்பிருக்காங்க, அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. என் பிரச்சனை கூட வந்த அட்டை. அப்படியே டைப் பண்றேன்:

"ஈரம். நீருக்கும் நூலுக்கும் இடையிலான நெடிய உரையாடல். ஒரு நெசவாளியின் மௌனத்தை உங்கள் தோளில் சுமக்க ஓர் அழைப்பு. ஒழுங்கின்மையின் அழகை நேசிப்பவர்களுக்காக மெதுவாக, மிக மெதுவாக நெய்யப்பட்டது. முதல் தொடுதலிலேயே இது உங்களை அறிந்துகொள்ளும்."

நான் தமிழ் மீடியம்தான் படிச்சேன், ஒவ்வொரு வார்த்தையும் புரியுது, சேத்து வச்சுப் படிச்சா ஒண்ணுமே புரியல. குளிச்சிட்டு வர்ற நேரத்துல துண்டு என்னை எதுக்குங்க அறிஞ்சுக்கணும்? அம்மாகிட்ட வீடியோ கால்ல காட்டினேன், முழுசாக் கேட்டுட்டு "ஏண்டி ஜோடியா குடுக்கலையா"ன்னு மட்டும் கேட்டாங்க.

இந்த பாஷைய யாரு எழுதறாங்க, எப்படி அர்த்தம் பண்ணிக்கறது, இதைவிட மோசமா நீங்க எதாவது பாத்திருக்கீங்களா? போடுங்க. நங்கையா இந்தப் பக்கமெல்லாம் வர மாட்டாங்கங்கற தைரியத்துலதான் கேக்கறேன்.

டீக்கடை_பெஞ்ச்

நெசவாளியோட மௌனம் தோள்ல, அந்தாளோட காசு யார் பாக்கெட்ல?

அரை_பிளேட்

மிக மெதுவாக நெய்யப்பட்டதுன்னா டெலிவரி லேட்டாகும்னு அர்த்தம் சிஸ்டர்.

நன்னூல்_நாகலிங்கம்

ஒருத்தரும் கவனிக்கலையா, அட்டையில இருக்கற பெரிய காமெடியே தலைப்புதான். ஈரிழைன்னா ஈர் + இழை, ரெண்டு இழையை சேத்து நெய்யறதால அந்தப் பேரு, ஈருருளி ஈராறு மாதிரி. இந்தப் புண்ணியவான் அதை ஈர + இழைன்னு பிரிச்சிருக்காரு! அதான் 'ஈரம்'னு பேரு வச்சு, அதுக்கப்புறம் நீர், நூல், நெடிய உரையாடல்னு ஒரு ஆறையே ஓட விட்டிருக்காரு. புணர்ச்சி விதி தெரியாம ஒரு பிராண்டே உருவாகியிருக்கு. எங்க தமிழய்யா இருந்திருந்தா 3,800 தடவை இம்போசிஷன் எழுத வச்சிருப்பாரு.

ஈரோட்டுக்காரி

அய்யோ!!! நான் அதை யோசிக்கவே இல்லைங்க ஐயா. வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன், டீ மூக்குல ஏறிடுச்சு அவருக்கு.

காதர்பேட்டை

ஏனுங்க, நான் திருப்பூர்ல மெர்ச்சண்டைசருங்க, பதினாலு வருசமாச்சு. இந்த 'ஒழுங்கின்மையின் அழகு' பத்தி என்கிட்ட கேளுங்க, ராத்திரி பூரா சொல்வேன்.

அப்பெல்லாம் டீ சர்ட்ல ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் செக்கிங்ல தூக்கி ரிஜெக்ட்ல போட்டுருவாங்க, அது காதர்பேட்டைக்கு போயி கிலோ கணக்குல விக்கும், நம்ம ஊரே அதத்தான் போட்டுச்சு. கொஞ்ச வருசம் முன்னாடி ஒரு வெளிநாட்டு பையர் ஒரு டெக் பேக் (சட்டை எப்படி இருக்கோணும்னு அளவெல்லாம் போட்ட பேப்பருங்க) அனுப்பினாரு பாருங்க. கழுத்து அளவு, தோள் அளவு, கை நீளம், அதுக்கப்புறம் ஓட்டை அளவு. இடது தோள்ல இருந்து இத்தன சென்டிமீட்டர் கீழ ஒரு ஓட்டை, அதோட விட்டம் 8 மில்லி, கூட கொறைய 2 மில்லி இருக்கலாம். கீழ ஓரம் ஓவர்லாக் அடிக்கப்புடாது, பிரிஞ்சு தொங்கோணும், ஆனா ஒரு அளவுக்கு மேல பிரியப்புடாது. ஓட்டை போடறதுக்கு தனி ஆளு, ஓட்டை மேல பெருசாகாம இருக்க சுத்தி கண்ணுக்குத் தெரியாம ஒரு தையலு, அதுக்கு தனி காஸ்டிங்.

செக்கிங்ல ஒரு அக்கா இருந்தாங்க, இருவது வருச சர்வீசு, ஓட்டையக் கண்டா கை தானாப் போயி பீஸ எடுத்து ஓரமாப் போட்டுரும். முத நாளு சாயங்காலம் போயி பாக்கறேன், மொத்த லாட்டும் ரிஜெக்ட் டேபிள்ல கெடக்குது. "அல்லக்கா, இதுல ஓட்டை இருக்கறதுதான் நல்ல பீஸு, ஓட்டை இல்லாதது ரிஜெக்ட்டு"ன்னு சொன்னனுங்க. அந்தக்கா என்னைப் பாத்த பார்வை இருக்குதே. அப்பறம் கேட்டாங்க, "ஓட்டை பெருசாப் போயிட்டா என்ன தம்பி பண்றது?" அல்டரேசன்தான், தைச்சு சின்ன ஓட்டையா மாத்தோணும். கடைசில அந்த லாட்ல ஓட்டை இல்லாத பீஸு ஒரு டப்பா காதர்பேட்டைக்குப் போச்சுங்க. நல்ல சட்டையெல்லாம் செகண்ட்ஸ் ரேட்டுல வித்தது அந்த ஒரு தடவைதான்.

அரை_பிளேட்

ஓட்டைக்கு டாலரன்ஸ் 2 மில்லி. செத்தேன்.

லண்டன்_குளிர்

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன். 2018ல இஞ்ச ஸாரா கடையில ஒரு பாவாடை விட்டவங்கள், விலை 69.99 பவுண்ஸ். மண்ணிறக் கட்டம், முன்னுக்கு மடிச்சு விட்ட மாதிரி ஒரு கொசுவம், பின்னுக்கு ஜிப். பாத்தால் அப்பான்ர சாரம், நீங்கள் கைலி எண்டு சொல்லுறது. ஸாராவில சாரம் எண்டு வீட்டில ஒரு கிழமை இதே கதைதான். அப்பாவுக்கு விலையில பிரச்சினை இல்லை, அவருக்கு அந்த ஜிப்தான் விளங்கேல்ல. "கட்டத் தெரியாட்டி ஏன் உடுக்கிறாங்கள்" எண்டு கேட்டார், எனக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்ல. நாங்கள் சின்னனில சாரத்தோட வாசலுக்குப் போனாலே அம்மா உள்ளுக்குக் கூப்பிடுவா, வெள்ளைக்காரர் பாப்பினம் எண்டு. அவையள் பாத்திருக்கினம் போல.

டீக்கடை_பெஞ்ச்

"அவையள் பாத்திருக்கினம் போல" 😂 அண்ணா நீங்க தினமும் எழுதுங்க.

போன வருஷம், 2025ல, அமெரிக்காவுல நார்ட்ஸ்ட்ரம் கடையில ஒரு பை வித்தாங்களே ஞாபகம் இருக்கா? வடக்க மிட்டாய்க் கடையில சாமான் வாங்கினா சும்மா குடுப்பானே அந்தத் துணிப்பை, ஹிந்தியில ரமேஷ் ஸ்பெஷல் நம்கீன்னு பிரிண்ட் போட்டது. 48 டாலர், நம்ம காசுக்கு நாலாயிரம் ரூபா. பேரு 'இந்தியன் சூவனிர் பேக்'. அன்னிக்கு எங்க வீட்டு பரண்ல இருக்கற மஞ்சப்பையை எல்லாம் எண்ணிப் பாத்தேன், கல்யாணத்துல தாம்பூலம் வாங்கினது மட்டும் நாப்பத்தி மூணு. கணக்குப்படி நான் லட்சாதிபதி.

கந்தை

பை பேச்சு வந்தாச்சுல்ல, அப்ப பலென்சியாகாங்கற காஸ்ட்லி ஃபேஷன் பிராண்டு இல்லாம எப்படி. 2017ல ஐகியா கடையோட நீலக்கலர் பிளாஸ்டிக் பை, 99 சென்ட், அதே நீலம் அதே கைப்பிடி, இவங்க தோல்ல பண்ணி 2,145 டாலர்னு வச்சாங்க. ஐகியாக்காரன் கேஸ் போடல, சண்டை போடல, அசல் பையை கண்டுபிடிப்பது எப்படின்னு ஒரு விளம்பரம் விட்டான். உதறினா சரசரன்னு சத்தம் வரணும், அழுக்கானா தோட்டத்து பைப்ல தண்ணி அடிச்சு கழுவணும், விலை 99 சென்ட்னு போட்டிருக்கணும். அந்த ஒரு விளம்பரத்துல இருந்த தெளிவு உங்க துண்டு அட்டையில இல்லையேம்மா.

2022ல குப்பைக் கவர் மாதிரியே தோல்ல ஒரு பை, 1,790 டாலர். அதே வருஷம் கிழிஞ்சு நஞ்சு போன ஷூ, முழுசா நாசமானது வெறும் 100 ஜோடி, ஒரு ஜோடி 1,850 டாலர், கொஞ்சமா கிழிஞ்சது அதைவிட ரேட் கம்மி. அதாவது எவ்ளோ கிழியுதோ அவ்ளோ காசு. கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு நம்ம ஆளுங்க சொன்னாங்க, இவங்க கசக்கிட்டா வேல்யூ போயிடும்ங்கிறாங்க. 2017லயே நார்ட்ஸ்ட்ரம்ல 425 டாலருக்கு ஒரு ஜீன்ஸ் வந்துச்சு, முட்டில தொடையில எல்லாம் சேறு அப்பின மாதிரி, நிஜ சேறு இல்ல, துவைச்சாலும் போகாத சேறு. நாத்து நடற வீட்ல பொறந்தவன்ங்க நான். சேறு போகலைன்னா எங்கம்மா வீட்டுக்குள்ள விடாது, இங்க சேறு போயிட்டா கடைக்காரன் உள்ள விட மாட்டான்.

பட்டுக்குஞ்சம்

எல்லாருக்கும் ஒரே வயித்தெரிச்சல். வாங்க முடியாதவங்க சிரிக்கிறது வழக்கம்தானே. ஃபேஷன்ங்கிறது கலை, டிசைனர் ஒரு ஐடியாவை விக்கிறாரு, துணியை இல்ல. கேன்வாஸ் என்ன விலை பெயிண்ட் என்ன விலைன்னு பாத்தா ஓவியம் வாங்குவீங்க?

கந்தை

ஓவியத்தை மாட்டி வச்சுப் பாக்கலாங்க. குப்பைக் கவரை மாட்டி வச்சா எங்க வீட்ல எடுத்துட்டுப் போயி வெளிய வச்சிடுவாங்க.

டீக்கடை_பெஞ்ச்

பட்டுக்குஞ்சம் சொல்றதுல ஒரு பாதி சரிதான்னு நினைக்கிறேன். அந்த குப்பைக் கவரை பண்ணின டிசைனர் டெம்னாவே உலகத்துலயே விலை அதிகமான குப்பைப் பை பண்ற சான்ஸை விட மனசில்லன்னுதான் பேட்டி குடுத்தாரு, அந்தாளு நம்மள விட ஜாலியா சிரிச்சிட்டு இருக்காரு. சிரிக்காம சீரியஸா எழுதறது அதை விக்கிற ஆளுங்க மட்டும்தான்.

வார்த்தைக்கு_ரெண்டு_ரூபா

குற்றவாளி ஆஜர்.

ஈரோட்டுக்காரி அக்கா, உங்க துண்டை நான் எழுதல, ஆனா அது மாதிரி ஆயிரக்கணக்குல எழுதியிருக்கேன். நாலு வருஷம் ஒரு ஆன்லைன் துணிக்கடைக்கு டிஸ்கிரிப்ஷன் எழுதற வேலை, பேர் சொல்ல மாட்டேன். காலைல ஒரு எக்செல் வரும், அதுல போட்டோ, கலர், சைஸ், ரேட், அவ்ளோதான். துணி வராது. நான் எழுதின ஒரு துணியைக் கூட நான் தொட்டதில்ல, "தொட்டவுடன் உருகும் மென்மை"ன்னு ஒரே நாள்ல பதினேழு வாட்டி எழுதியிருக்கேன், அதுல ரெண்டு பெல்ட்.

இப்ப ரகசியம் சொல்றேன். வார்த்தை துணியைப் பாத்து வராது, ரேட்டைப் பாத்துதான் வரும். 800 ரூபா வரைக்கும் "காட்டன், மெஷின் வாஷ், பாக்கெட் உண்டு". அங்க பொய் சொல்ல முடியாது, வாங்கறவங்க ஒவ்வொரு ரூபாயையும் எண்ணி வாங்குறாங்க, பாக்கெட் இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. 2,000 தாண்டினா காட்டன் 'பருத்தி' ஆயிடும். 4,000ல பருத்தி 'இழை' ஆகும், தையல் 'கைவண்ணம்' ஆகும். 8,000க்கு மேல துணியைப் பத்தி பேசவே கூடாது, எங்க ஹெட் திட்டுவாங்க. மழை, பாட்டி வீட்டு முற்றம், ஊஞ்சல், மௌனம், இதுங்களைத்தான் போடணும். 20,000க்கு மேல பேரு மட்டும், ஒரு முற்றுப்புள்ளி. "நிலா." அவ்ளோதான், அதுக்கு மேல எழுதினா சீப்பா தெரியும். அதனால உங்க துண்டுல 3,800க்கே மௌனம் போட்டிருக்காங்கன்னா அந்தப் பையன் புதுசா வேலைக்கு சேந்திருப்பான், இல்ல கடை சீக்கிரமே ரேட்டை ஏத்தப் போகுது.

அர்த்தம் கேட்டீங்கல்ல, எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன். ரிலாக்ஸ்டு ஃபிட்னா சைஸ் சரியா வரல. அன்ஸ்ட்ரக்சர்டுன்னா உள்ள லைனிங் வைக்கல. ரா எட்ஜ்னா மடிச்சு அடிக்கல (காதர்பேட்டை அண்ணன் பாவம்). நியூட்ரல் டோன்னா சாயமே போடல. டைம்லெஸ்னா போன வருஷ ஸ்டாக். கியூரேட்டட்னா மொத்தமே ஆறு பீஸ்தான் இருக்கு. இன்வெஸ்ட்மென்ட் பீஸ்னா ரேட்டு சொன்னா மயக்கம் வரும், முன்னாடியே நாற்காலி போட்டுக் குடுக்கறோம். எஃபர்ட்லெஸ்ங்கிறது மட்டும் இன்னிக்கு வரைக்கும் எனக்கே புரியல, அதைப் போட்ட மாடலுக்கு மேக்கப் போட எவ்ளோ நேரமாகும்னு எனக்குத் தெரியும்.

இதுல எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லைன்னு சொன்னா பொய். ஒரு தடவை ஒரு சட்டையில பட்டன் ஒண்ணு மாத்தித் தைச்சு மொத்த லாட்டும் வந்துடுச்சு, நாலு பட்டன் வெள்ளை, ஒண்ணு கருப்பு. திருப்பி அனுப்பினா நஷ்டம், அதனால எக்செல்ல எனக்கு ஒரு நோட்டு போட்டாங்க, பட்டனை பாசிட்டிவா எழுதுன்னு. "ஒரே ஒரு கருப்பு: ஒழுங்கினுள் ஒளிந்திருக்கும் சிறு கலகம்"னு எழுதினேன். ரெண்டு நாள்ல காலி. அடுத்த மாசம் வேணும்னே ஒரு பட்டனை மாத்தித் தைக்க ஆர்டர் குடுத்தாங்க.

அரை_பிளேட்

சிறு கலகம்!!! இனிமே என் சட்டையில பட்டன் பிஞ்சா புரட்சின்னு சொல்லிக்கிறேன்.

மேசையோரம்

ரோலான் பார்த்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காரு. 1958, 59ல வந்த ஃபேஷன் பத்திரிகைகளை ஒரு வருஷத்துக்கு எடுத்து வச்சுக்கிட்டு, துணியைப் பாக்காம போட்டோவைப் பாக்காம, கீழ எழுதியிருக்கறதை மட்டும் படிச்சாரு. அது 1967ல புக்கா வந்துச்சு. துணியை சும்மா காட்டினா போதாது, அது மேல வார்த்தையால ஒரு திரை போட்டாத்தான் திரும்பத் திரும்ப வாங்க வைக்க முடியும்ங்கிற மாதிரி சொல்வாரு. படிக்கறதுக்கு செம கஷ்டம், அதுக்கு துண்டு அட்டையே தேவலாம்.

பழைய_டிரங்குப்பொட்டி

தம்பி பட்டன் கதையைப் படிச்சதும் இதைச் சொல்லியே ஆகணும்னு தோணிச்சு. இந்த வித்தை இன்னைக்கு நேத்து வந்ததில்ல, நம்ம மெட்ராஸ் பேர்லயே பெரிய கதை ஒண்ணு இருக்கு, ஜவுளி ஏற்றுமதி ஆளுங்க சொல்லிச் சொல்லி சிரிப்பாங்க.

1958. நியூயார்க்ல இருந்து வில்லியம் ஜேக்கப்சன்னு ஒரு துணி இறக்குமதிக்காரர் மெட்ராஸ் வர்றாரு, கேப்டன் கிருஷ்ணன் நாயரைப் பாக்குறாரு, பின்னாடி லீலா ஹோட்டல் கட்டினாரே அவரேதான், அப்ப அவர் கைத்தறி வியாபாரத்துல இருந்தாரு. பளிச்சுனு கட்டம் போட்ட துணி, நம்ம கைலிக் கட்டம்தான் வச்சுக்கோங்களேன், இயற்கைச் சாயம், கிட்ட வந்தாலே ஒரு வாசனை அடிக்கும். கஜம் ஒரு டாலர்னு பேசி முடிச்சாங்க. நாயர் சொல்லித்தான் குடுத்தாரு, இது சாயம் விடும், பச்சைத் தண்ணில பதமா அலசணும்னு. ஜேக்கப்சன் அதைக் கொண்டு போயி ப்ரூக்ஸ் பிரதர்ஸ்னு பெரிய கடைக்கு வித்தாரு. துணி போச்சு, அந்த எச்சரிக்கை போகல. அமெரிக்காக்காரன் சட்டையும் கோட்டுமா தைச்சுப் போட்டுட்டு வாஷிங் மெஷின்ல மத்த துணியோட சேத்து போட்டான் பாருங்க, வீட்ல இருந்த வெள்ளையெல்லாம் ஹோலி.

கடைக்காரனுக்கு கோவம், வக்கீலைக் கூட்டிட்டு வர்ற அளவுக்கு போயிடுச்சு. ஒரு விளம்பர ஆளு கையில அந்த விஷயம் போச்சு. அவங்க என்ன பண்ணாங்கன்னா சாயம் போறதை மறைக்கல, அதையே தலைப்பா வச்சுட்டாங்க: "கண்டிப்பா சாயம் போகும், கேரண்டி." ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கலர் ஒண்ணோட ஒண்ணு கலந்து புதுசா ஒண்ணு வரும், கடையில வாங்கினது ஒண்ணு, நாளைக்கு உன்கிட்ட இருக்கப் போறது வேற ஒண்ணு, அப்படின்னு. அவ்ளோதான், திருப்பிக் குடுக்க வந்தவனெல்லாம் க்யூவுல நின்னு வாங்கினான். சாயம் போகலைன்னா அது போலி மெட்ராஸ்னு கம்ப்ளெயின்ட் பண்ற நிலைமை. 'ப்ளீடிங் மெட்ராஸ்'னு அங்க காலேஜ் பசங்க மத்தியில அது ஒரு காலத்து அந்தஸ்து.

நம்மூர்ல ஜவுளிக்கடைக்காரன் கல்லாவுல உக்காந்துட்டு முதல்ல சொல்ற வார்த்தை என்ன? சாயம் போகாதும்மா, கேரண்டி, போனா கொண்டு வந்து மூஞ்சில எறிங்க. நம்ம பாஷையில ஒருத்தன் சாயம் வெளுத்துப்போச்சுன்னா குட்டு உடைஞ்சுதுன்னு அர்த்தம். அவன் குட்டை உடைச்சே காசு பாத்துட்டான்.

வார்த்தைக்கு_ரெண்டு_ரூபா

ஐயா. கால்ல விழுறேன். எங்க தொழிலுக்கு குலதெய்வம் யாருன்னு இப்பதான் தெரிஞ்சுது.

தறிக்குழி

ரொம்ப நேரமா படிச்சிட்டு இருக்கேன், சிரிச்சேன், நடுவுல ஒண்ணு சொல்லணும். எங்க வீடு தறி வீடு. அப்பா இன்னும் நெய்யறாரு, குழித்தறி.

நெசவாளியின் மௌனம்னு எழுதியிருக்காங்களே, அவங்களை ஒரு மணி நேரம் எங்க வீட்டுத் திண்ணையில உக்கார வைக்கணும். தறி சத்தத்துல நாங்க பேசறதே கத்திதான், எங்க ஃபேமிலி மொத்தமும் போன்ல பேசினா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைன்னு நினைப்பாங்க. மௌனமா இருந்தா நூல் வரலைன்னு அர்த்தம், அன்னிக்கு அடுப்புல ஒண்ணும் இருக்காது.

அப்புறம் அந்த ஒழுங்கின்மை. கரையில ஒரு இழை விட்டுப்போச்சுன்னா, பூ ஒண்ணு தள்ளி விழுந்துச்சுன்னா, நூல் குடுத்த முதலாளி பீஸை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு கூலியில புடிப்பாரு. அப்பா ஒண்ணும் பேச மாட்டாரு, வாங்கிட்டு வந்துடுவாரு. (அந்த மௌனம் வேணா நிஜம்.) அதே பீஸ் டவுன்ல ஏசி ஷோரூமுக்குப் போனா அட்டையில "சிறு சிறு பிழைகள் கைநெசவின் கையொப்பம்"னு எழுதித் தொங்க விடறாங்க. ஒரே இழைதாங்க. இங்க கழிக்கறாங்க, அங்க கூட்டறாங்க.

அதனால ரேட்டு அதிகம்னு கைத்தறியை மட்டும் கிண்டல் பண்ணிடாதீங்க, துண்டு 150க்கு கிடைக்கறதும் ஒண்ணும் பெருமை இல்ல, அந்த 150ல நெய்யறவனுக்கு என்ன வந்துச்சுன்னு கேளுங்க, பாதிக்கு மேல இப்ப பவர்லூம்தான் அது வேற விஷயம். 3,800ல ஆயிரம் நெஞ்சவன் கைக்குப் போயிருந்தா நானே அந்த அட்டையை சட்டம் போட்டு மாட்டுவேன். ஆனா அட்டையில நெசவாளியோட பேரு இருக்கா, ஊரு இருக்கா? மௌனம் மட்டும் இருக்கு.

பெரிய பிராண்டுலயும் இதே கதைதான். 2024 ஜூன்ல மிலான் கோர்ட்டு டியோரோட ஒரு கம்பெனியை கோர்ட்டு மேற்பார்வையில வச்சுது, கடையில 2,600 யூரோவுக்கு விக்கிற கைப்பையை தைச்சுக் குடுக்க சப்ளையருக்கு அவங்க குடுத்தது 53 யூரோன்னு விசாரணையில வந்துச்சு, தோல் மாதிரி சாமான் செலவு தனி. மிச்சத்துக்கு என்னதான் பேருன்னு கேட்டா பாரம்பரியம்பாங்க.

காதர்பேட்டை

தறிக்குழி தம்பி, இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டனுங்க. எங்களுக்கும் அதேதான், ஓட்டை போட்ட சட்டைக்கு பையர் ஒத்த பைசா சேத்திக் குடுக்கலீங்க, காஸ்டிங்ல பேசிப் பேசி பழைய ரேட்டுக்கே கொண்டாந்துட்டாரு.

லண்டன்_குளிர்

பிராடா எண்ட இத்தாலி பிராண்டின்ர செருப்புக் கதையும் உதுதானே. 2025 ஜூனில மிலானில காட்டேக்க வெறும் லெதர் சாண்டல்ஸ் எண்டுதான் போட்டிருந்தவை, பாத்தால் கோலாப்பூரிச் செருப்பு, அதுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாச்சு. இந்தியாவில சத்தம் கிளம்பின பிறகுதான் ஓம் அங்கயிருந்துதான் எடுத்தனாங்கள் எண்டவை. பிறகு அந்த வருசக் கடைசியில மகாராஷ்டிரா, கர்நாடகா ஆக்களோட ஒப்பந்தம் போட்டு 2,000 சோடி செய்யிறதாய் முடிவு, சோடி கிட்டத்தட்ட 800 யூரோ. பேர் போட்டு விக்கினம், அது நல்லது. செய்யிறவருக்கு 800ல எவ்வளவு எண்டு தறிக்குழி கேட்ட கேள்வி அதுக்கும் பொருந்தும்.

பட்டுக்குஞ்சம்

சரி, தறிக்குழி சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா நல்ல டிசைன் இருக்குங்கறதை விட்டுக் குடுக்க மாட்டேன்.

டீக்கடை_பெஞ்ச்

யாரும் விடச் சொல்லல பாஸ், உக்காருங்க, டீ சொல்லிருக்கேன்.

ரொம்ப சீரியஸா போகுது, அதனால என் பங்குக்கு. வீட்ல இருக்கறதை வச்சு எழுதியிருக்கேன், எக்செல் வந்தா எடுத்துக்கோங்க:

"வரப்பு. நிமிர்ந்த கோடுகளின் அரசியலை இடுப்புக்குக் கீழே மறுவாசிப்பு செய்யும் முயற்சி. இறுக்கத்துக்கும் விடுதலைக்கும் நடுவே ஒரே ஒரு நாடா. பக்கவாட்டுப் பையில் பீடிக்கட்டும் பஸ் டிக்கெட்டும் ஒன்றையொன்று சந்திக்கும் தருணம்." பொருள்: தாத்தாவோட பட்டாபட்டி.

அரை_பிளேட்

"விடியல் அடுக்கு. காலை ஆறரை மணியின் தெருவோரப் பெண்மையிலிருந்து எழுந்த இரட்டை அடுக்கு உடை. தரையைத் தொடும் பூக்களின் மேல் தோளில் ஒரு தற்காலிக அறம். பால்காரருக்கும் காய்கறி வண்டிக்கும் இடையேயான வெளியில் மட்டுமே அணியத்தக்கது." பொருள்: நைட்டி மேல துண்டு.

கந்தை

ரப்பர் செருப்புல வார் பிஞ்சு ஊக்கு குத்தியிருக்கறது: "காயமும் அணியே. வலது பாதத்தில் மட்டும் ஒற்றை உலோக நகை. இடது பாதம் அதைப் பொறாமையுடன் கவனிக்கிறது. கோயில் வாசலில் யாரும் எடுத்துச் செல்லாத தனித்துவம்."

நன்னூல்_நாகலிங்கம்

கந்தை, கடைசி வரிக்காக உமக்கு முழு மார்க்.

ஈரோட்டுக்காரி

அப்டேட் குடுக்கணும். தறிக்குழி சொன்னதைப் படிச்சிட்டு அந்தக் கடைக்கு மெசேஜ் போட்டேன், இதை நெஞ்சவங்க யாரு, எந்த ஊருன்னு. "ஹாய் டியர், எங்கள் கைவினைஞர்கள் காற்றைப் போன்றவர்கள், எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்"னு பதில் வந்துச்சு, கூடவே ஒரு டிஸ்கவுன்ட் கூப்பன்.

அது பரவால்ல. நேத்து அம்மா ஊர்ல இருந்து வந்தாங்க. வந்தவங்க சும்மா இருப்பாங்களா, துண்டு ஒண்ணு டப்பாக்குள்ள கிடக்குதேன்னு எடுத்து பக்கெட்ல ஊற வச்சுட்டாங்க, தனியா இல்ல, எங்க வீட்டுக்காரரோட வெள்ளை வேட்டியோட. கல்யாணத்துக்கு எடுத்தது, விசேஷத்துக்கு மட்டும் கட்டறது. நான் போயி பாக்கறப்ப பக்கெட் முழுக்க ரோஸ்மில்க். அம்மா கொஞ்சம் கூட அசரல, "நூத்தம்பது ரூவா துண்டே சாயம் போறதில்ல, இதுக்கென்ன கேடு"ங்கறாங்க. கடைக்காரங்களுக்கு போட்டோ அனுப்பிக் கேட்டா "இயற்கைச் சாயம் உங்கள் இல்லத்தோடு உறவாடத் தொடங்கியுள்ளது"ங்கறாங்க. டிரங்குப்பொட்டி ஐயா, நீங்க சொன்ன கதை அப்படியே எங்க பாத்ரூம்ல நடக்குது.

வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது, ஆபீஸ்ல இருந்து வர ஆறு மணி ஆகும். வேட்டி கொடியில தொங்குது. இதை என்ன கலர்னு சொல்றது?

தறிக்குழி

தனியா ஊற வச்சிருந்தா வேட்டி தப்பிச்சிருக்கும்ங்க. இப்ப லேட்டு.

வார்த்தைக்கு_ரெண்டு_ரூபா

அக்கா, வேட்டி எவ்ளோ ரேட்டுன்னு மொதல்ல சொல்லுங்க, அதைப் பாத்துட்டு கலருக்கு பேரு வைக்கிறேன்.